குணமாக்கும் திருப்பணியும் ஏழையின் கூலியும்: டியூபிங்கன் முதல் அல்மா ஆட்டா வரை

மருத்துவத் திருப்பணியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மருத்துவமனைகளின் வரலாற்றையே எழுதி முடித்துவிடுகின்றனர். எந்த ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது, எத்தனை படுக்கைகள் இருந்தன, எந்த மிஷனெரி எத்தனை ஆண்டுகள் ஊழியம் செய்தார் என்பன அவ்வரலாற்றில் தவறாமல் இடம்பெறுகின்றன. அம்மருத்துவமனையின் வாயிலுக்கு வர இயலாதவர் யார், அவர் வராததன் காரணம் யாது, குணமடைந்து வீடு திரும்பியவர் சில திங்களில் அதே நோயோடு மீண்டும் வந்தது ஏன் என்னும் வினாக்கள் அங்கு அரிதாகவே எழுகின்றன. இவ்வினாக்களை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருச்சபையே தன்னை நோக்கி எழுப்பியது. அதற்குக் கிடைத்த விடை உலகச் சுகாதாரக் கொள்கையின் போக்கையும் ஓரளவு மாற்றியது. நம் வேலூரும், வேலூரில் பயின்ற இரு மருத்துவரும் இதில் பங்குபெற்றனர். அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, இன்றைய ஆயர்பணிக்கு அது கற்பிப்பது யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தொடக்கக் காலத்தின் இரு படிப்பினைகள்

யாழ்ப்பாணத்தில் 1847 முதல் பணியாற்றிய அமெரிக்க மிஷனெரி மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களைத் தமிழறிஞர் நன்கறிவர். உடற்கூற்றியல், அறுவை மருத்துவம், மகப்பேற்று மருத்துவம் முதலியவற்றைத் தமிழில் தந்தவர் அவர். தமிழார்வம் ஒன்றே அவரை அவ்வாறு செய்யத் தூண்டியதாக நாம் எண்ணுதல் கூடாது. ஆங்கிலத்தில் பயின்ற மாணவர் அரசாங்க உத்தியோகமும் உயர்ந்த சம்பளமும் நாடி வெளியூர்களுக்குச் சென்றுவிடுவதை அவர் கண்டார். தாய்மொழியில் பயின்றோர் தம் ஊரிலேயே தங்கி, தம் ஊராருக்கே மருத்துவம் செய்வர் எனக் கருதி, 1860-களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். மருத்துவர் எங்கே தங்குவார் என்பதை அவருடைய வருவாய் நிர்ணயிக்கிறது. அதனால் நோயாளிக்குக் கிடைப்பதும் கிடைக்காததும் நிர்ணயிக்கப்படுகிறது. இவ்வுண்மையை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

இரண்டாவது படிப்பினை ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்விலிருந்து வருகிறது. ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் மாண்ட செய்தியை நம் ஞாயிறு பள்ளிச் சிறுவரும் அறிவர். அதனை அழைப்பின் சாட்சியாகவே நாம் எடுத்துரைத்து வருகிறோம், அது நியாயமே. ஆயினும் அதில் மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. அன்றிரவு மருத்துவர் இல்லாமற் போகவில்லை. ஐடாவின் தந்தை மருத்துவர். அவர் அவ்வீட்டிலேயே இருந்தார். பிற ஆடவர் தம் மனைவியரைத் தொடலாகாது என்னும் வழக்கமே இடையில் நின்றது. மருத்துவம் அருகில் இருப்பது வேறு, அது ஒருவருக்கு எட்டுவது வேறு என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகிறது. அம்மையார் 1900-ல் மருத்துவராகத் திரும்பி வந்து, 1902-ல் வேலூரில் மருத்துவமனை திறக்கப்பட்ட பின்னரும், அதன் சுவர்களுக்குள் அடங்கிவிடவில்லை. குடியாத்தம் சாலையில் மரநிழல்களில் வண்டியை நிறுத்தி வழியோர மருத்துவம் செய்தார். ஒரு நாட் கூலியை இழந்து வேலூருக்கு வர முடியாதவரிடம் வேலூர் செல்லவேண்டும் என்பதே அப்பணியின் பொருள்.

2. கட்டடம் வளர்ந்தது; வாயில் குறுகியது

இந்நுண்ணறிவு பின்வந்த காலத்தில் ஏன் மங்கியது? எவருடைய தீய எண்ணத்தாலும் இது நேர்ந்ததன்று. மருத்துவ அறிவு வளர வளர, அதற்கான கருவிகளும், பயிற்சி பெற்ற ஊழியரும், மருந்துகளும் விலையேறின. அதே காலத்தில் வெளிநாட்டு மிஷன் சங்கங்களின் மானியம் குறைந்தது. எஞ்சிய வழி, நோயாளியிடம் கட்டணம் பெறுவதே. கட்டணம் செலுத்த இயன்றவர் பெருகப் பெருக அவர்களுடைய தேவைக்கேற்ற சிகிச்சைகளும் பெருகின. கடன்பட்டுத்தான் வர முடியும் என்ற நிலையிலிருந்தவர் நோய் முற்றும்வரை வீட்டில் கிடந்து, கடைசி நேரத்தில் வந்தார். அல்லது வராமலே இருந்துவிட்டார்.

நம் நாட்டில் 1946-ல் வெளியான போர் குழுவின் அறிக்கை, பணம் செலுத்த இயலாமையால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்பதைக் கொள்கையாக வகுத்தது. அதன் வழியில் 1952 முதல் ஆரம்பச் சுகாதார நிலையங்கள் தோன்றின. ஆனால் அவற்றுக்குக் கிடைத்த பணமும் பணியாளரும் மிகக் குறைவு. இது இந்தியாவுக்கு மட்டும் உரிய குறையன்று. பிரிட்டனில் கட்டணமில்லா மருத்துவம் 1948-லேயே நடைமுறைக்கு வந்திருந்தது. அங்கே வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971-ல் 'தி லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல மருத்துவம் எங்கே மிகுதியாகத் தேவைப்படுகிறதோ அங்கே அது குறைவாகவே கிடைக்கிறது. மருத்துவம் சந்தையின் போக்குக்கு விடப்படும் இடங்களில் இத்தலைகீழ் நிலை மேலும் கடுமையாகிறது என்பதே அவர் நிறுவிய கருத்து. இது 'தலைகீழ் மருத்துவ விதி' என இன்றும் பேசப்படுகிறது.

3. டியூபிங்கன் எழுப்பிய வினா

1964-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில், உலகத் திருச்சபைகள் மன்றமும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கலந்தாய்வைக் கூட்டின. அப்போது அம்மன்றத்தின் உலக அருட்பணிப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர், மதுரை-இராமநாதபுரம் பேராயராகப் பணியாற்றிய லெஸ்லி நியூபிகின் என்பது நினைவுகூரத்தக்கது. அரசாங்கங்களே மருத்துவமனைகளை நடத்த முன்வந்துவிட்ட காலத்தில், திருச்சபைக்கென்று குணமாக்கும் திருப்பணி ஒன்று உண்டா? உண்டென்றால் அது யாருடையது? கூடியிருந்தோர் கண்ட விடை எளியது, ஆழமானது. குணமாக்கும் திருப்பணி முதலாவதாகச் சபை முழுவதற்கும் உரியது. மருத்துவரும் செவிலியரும் அச்சபையின் உறுப்புகளாகவே அதில் சிறப்புப் பங்கு பெறுகின்றனர்.

இவ்விடை வெறும் இறையியல் கூற்றாக நின்றிருந்தால் ஏட்டில் உறங்கியிருக்கும். 1967-ல் இரண்டாம் முறை டியூபிங்கனில் கூடினர். 1968-ல் ஜெனீவாவில் கிறிஸ்தவ மருத்துவ ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ஜேம்ஸ் மெக்கில்வ்ரே, முன்னர் வேலூர் மருத்துவமனையில் நிர்வாகப் பொறுப்பு வகித்தவர். பல நாடுகளில் திருச்சபைகள் நடத்திய மருத்துவப் பணிகளை ஆராய்ந்தபோது கசப்பான உண்மை ஒன்று வெளிப்பட்டது. திருச்சபையின் மருத்துவப் பணத்திலும் உழைப்பிலும் மிகப் பெரும்பகுதி, மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவரின் நோயைத் தீர்ப்பதிலேயே செலவாயிற்று. அந்நோய்களில் பல தடுக்கக்கூடியவை. தடுக்கும் வழிகளோ ஊரில் இருந்தன: குடிநீரில், உணவில், நிலத்தில், கூலியில், பெண்ணின் நிலையில்.

4. ஜாம்கேட்: விடை நடைமுறையில்

வேலூரில் உடன் பயின்று 1960-ல் மணம் புரிந்துகொண்ட ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே ஆகிய இருவரும் இவ்வுண்மையைத் தம் அனுபவத்தால் முன்னரே கண்டிருந்தனர். மேபல் அம்மையார், ஜபல்பூர் லியோனார்டு இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கற்பித்த பேராசிரியரின் மகள் என்பது இறையியல் மாணவருக்கு ஆர்வமூட்டும் செய்தியாகும். மகாராஷ்டிரத்தில் வடாலா மிஷன் மருத்துவமனையில் அவர்கள் சில ஆண்டுகள் உழைத்தனர். நோயாளிகள் குணமாகிச் சென்றனர். ஆனால் சுற்றுப்புறக் கிராமங்களின் நலம் மாறவில்லை. எனவே அமெரிக்காவில் பொதுச் சுகாதாரம் பயின்று திரும்பி, 1970-ல் அகமத்நகர் மாவட்டத்தில், இன்று அகில்யாநகர் எனப்படும் மாவட்டத்தில், வறட்சிக்குப் பேர்போன ஜாம்கேட் என்னும் சிற்றூரைத் தேர்ந்துகொண்டனர். பழைய கால்நடை மருந்தகம் ஒன்றில் பணி தொடங்கியது. கிறிஸ்தவ மருத்துவ ஆணையம் உதவி செய்தது.

சில ஆண்டுகளில் கடும் பஞ்சம் வந்தது. மக்கள் மருத்துவரிடம் கேட்டவை மருந்தும் ஊசியுமல்ல; உணவும் தண்ணீருமே. மருத்துவர் இருவரும் அதனைத் தம் பணிக்குப் புறம்பானதென ஒதுக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பொதுச் சமையலிடங்கள் அமைந்தன, குழாய்க்கிணறுகள் தோண்டப்பட்டன. அக்கிணறுகள் தலித் மக்களின் குடியிருப்புகளில் அமையுமாறு பார்த்துக்கொண்டனர். அதனால் தண்ணீர் வேண்டிய உயர்சாதியார் அங்கே வரவேண்டியதாயிற்று. வயிற்றுப்போக்கால் மாளும் குழந்தைக்கும் சாதிக்கும் உள்ள தொடர்பை இதைவிடத் தெளிவாக எவரும் விளக்கிவிட முடியாது.

பயிற்சி பெற்ற செவிலியர் கிராமத்தில் தங்க விரும்பவில்லை. தங்கினாலும் ஊரார் அவர்களை எளிதில் நம்பவில்லை. எனவே அந்தந்த ஊரின் பெண்களையே கிராம நல ஊழியராகப் பயிற்றுவித்தனர். அவர்களுட் பலர் எழுத்தறியாதவர். பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சிலர் கணவரால் கைவிடப்பட்டவர். வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வந்து, பல சாதியாரும் ஒன்றாக உண்டு, ஒன்றாகத் தங்கிக் கற்றனர். பேறுகாலம் பார்ப்பது, குழந்தையின் எடையைக் கவனிப்பது, தொழுநோயையும் காசநோயையும் தொடக்கத்திலேயே கண்டுகொள்வது எல்லாம் அவர்கள் கைக்கு வந்தன. மாதர் சங்கங்களும் உழவர் மன்றங்களும் எழுந்தன.

பலன் யாது? பணி தொடங்கியபோது அப்பகுதியில் பிறந்த 1,000 குழந்தைகளில் 176 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் மாண்டனர். 1971-ல் நாட்டின் சராசரி 129. 1990-ல் நாட்டின் சராசரி 80 ஆகக் குறைந்தது. ஜாம்கேட்டிலோ 1990-களில் அது 30-க்கும் கீழே இறங்கியிருந்தது. ஏழைகளாகவே இருந்த கிராமங்களில் இது நிகழ்ந்தது என்பதே கவனிக்கத்தக்கது. அங்கு மருத்துவமனையும் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. சிக்கலான பேறுகாலத்துக்கு அறுவை மருத்துவம் வேண்டும்; கிராம நல ஊழியர் அதற்கு மாற்றாக மாட்டார். ஆனால் அங்கே மருத்துவமனை கிராமத்துக்கு ஊழியம் செய்தது. கிராமம் மருத்துவமனைக்கு நோயாளிகளை அனுப்பும் இடமாக மட்டும் இருக்கவில்லை. வேலூர்க் கல்லூரியும் 1977-ல் கீழ்வைத்தியனான்குப்பம் வட்டாரத்தில் ஊரக நலத்தையும் சமூக மேம்பாட்டையும் இணைக்கும் பணிமையத்தைத் தொடங்கியது.

5. அல்மா ஆட்டாவும் அதன் பின்னரும்

ஜெனீவாவில் கிறிஸ்தவ மருத்துவ ஆணையமும் உலகச் சுகாதார நிறுவனமும் அண்டை வீட்டார் போன்றிருந்தன. 1973-ல் அந்நிறுவனத்தின் தலைமை இயக்குநரான ஹால்ப்டான் மாலர், 1974-ல் ஆணையத்தாரோடு கலந்துரையாடினார். 1975-ல் அந்நிறுவனம் வெளியிட்ட 'மக்களால் நலம்' என்னும் பொருள்படும் நூலில், பல நாட்டு முயற்சிகளோடு, ஆணையம் எடுத்துக்காட்டிய மூன்று முயற்சிகளும் இடம்பெற்றன. அவை குவாத்தமாலாவின் சிமால்தெனாங்கோ, இந்தோனேசியாவின் சோலோ, நமது ஜாம்கேட். 1978 செப்டம்பரில், அன்று சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்திருந்த கசக்ஸ்தானின் அல்மா ஆட்டா நகரில், 134 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி ஆரம்ப நலப் பேணலைப் பற்றிய புகழ்பெற்ற பிரகடனத்தை வெளியிட்டனர். நலம் மனித உரிமை. நாடுகளுக்கிடையிலும் நாட்டுக்குள்ளும் நிலவும் நல ஏற்றத்தாழ்வு ஏற்கத்தகாதது. உணவும் தூய நீரும் ஆரம்ப நலப் பேணலின் பகுதிகள். மக்கள் அதில் பங்குபெறும் உரிமையும் கடமையும் உடையவர். 2000-ஆம் ஆண்டுக்குள் அனைவருக்கும் நலம் என்பதே இலக்காயிற்று.

இவ்விலக்கு நிறைவேறவில்லை. மறு ஆண்டிலேயே, இவ்வளவு விரிந்த நோக்கம் இயலாதது, சில நோய்களை மட்டும் தேர்ந்து குறைந்த செலவில் தாக்குவதே அறிவுடைமை என்னும் வாதம் எழுந்தது. அவ்வாதத்தில் நியாயம் ஒன்றுமில்லை எனக் கூறுவதற்கில்லை. தடுப்பூசியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் எண்ணற்ற குழந்தைகளைக் காத்துள்ளன. ஆனால் அத்திட்டங்கள் கூலியையும் சாதியையும் தண்ணீரையும் தொடவில்லை. 1980-களின் கடன் நெருக்கடியில் பல ஏழை நாடுகள் அரசு மருத்துவமனைகளிலும் கட்டணம் வாங்கத் தொடங்கின.

பின்னர் உலகச் சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் ஒன்று, 2008-ல் நலத்தின் சமூகக் காரணிகளைப் பற்றி அறிக்கை தந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டாரத்தில் கால்ட்டன் என்னும் ஏழைப் பகுதியில் பிறக்கும் ஆண்மகவு 54 ஆண்டு வாழ எதிர்பார்க்கலாம். சில கல் தொலைவிலுள்ள லென்சியில் பிறப்பது 82 ஆண்டு வாழ எதிர்பார்க்கலாம் என அது எடுத்துக்காட்டியது. ஒரே நாடு, ஒரே கட்டணமில்லா மருத்துவ அமைப்பு, இடையே 28 ஆண்டுகள். நம் நாட்டில் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரே செலுத்தும் பங்கு 2013-14-ல் 64 விழுக்காடாக இருந்தது. 2021-22-ல் 39 விழுக்காடாகக் குறைந்ததாக அரசின் கணக்கு கூறுகிறது. குறைவு மகிழ்ச்சிக்குரியதே. எனினும் நாட்கூலிக்காரனின் வீட்டில் அப்பங்கு இன்றும் தாலிக்கொடியாகவும் ஆட்டுக்குட்டியாகவும் அடகுக்கடைக்கும் சந்தைக்கும் செல்கிறது.

6. திருமறையின் ஒளியில்

மாற்கு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டால் வருந்திய பெண்ணைக் காண்கிறோம். அவள் பல மருத்துவரிடம் சென்று, தன் உடைமை யாவற்றையும் செலவழித்து, நலம் பெறாமல் மேலும் நலிந்தாள் என நற்செய்தியாளர் ஒளிவுமறைவின்றிக் குறிப்பிடுகிறார். நோய் அவளை வறியவளாக்கியது. தீட்டென்னும் வழக்கம் அவளை ஒதுக்கி வைத்தது. அதே அதிகாரத்தில் ஜெப ஆலயத் தலைவனாகிய யவீரு, மதிப்பும் செல்வாக்கும் உடையவன், ஆண்டவரை வெளிப்படையாக வந்து அழைக்க முடிகிறது. அவளோ கூட்டத்தில் பின்னே வந்து மறைவாகத் தொடவேண்டியிருந்தது. ஆண்டவர் யவீருவின் வீட்டுக்குச் செல்லும் வழியில் அவளுக்காக நின்றார், அவளைக் கூட்டத்தின் நடுவில் பேசவைத்தார், மகளே என்றழைத்தார். உடல் நலமடைந்ததோடு, சமுதாயத்தில் அவள் இழந்த இடமும் மீண்டது.

லேவியராகமம் 14-ஆம் அதிகாரம் மற்றொரு நுட்பத்தைக் காட்டுகிறது. தொழுநோயிலிருந்து சுத்தமானவன் செலுத்தவேண்டிய காணிக்கையைச் சொல்லிவிட்டு, அவன் ஏழையாக இருந்தால் எனத் தொடங்கி, ஆட்டுக்குட்டி ஒன்றும் இரு புறாக்களும் போதுமென வேறு அளவை விதிக்கிறது. சுகமானவன் சபைக்குள் திரும்பி வருவதற்கு அவனுடைய வருவாய் தடையாகக்கூடாது என்பதே அதன் கருத்து. நியாயப்பிரமாணமே கணக்கில் கொண்ட ஏழையின் வருவாயை, கிருபையைப் பிரசங்கிக்கும் சபை கணக்கில் கொள்ளாதிருக்கலாமா?

7. ஆயருக்கும் சபைக்கும்

டியூபிங்கன் கூறியது உண்மையானால், அப்பணி மருத்துவமனை உள்ள மறைமாவட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு ஆயரிடமும் அதற்கான கருவி ஒன்று ஏற்கெனவே உள்ளது. அது அடக்க ஆராதனைப் பதிவேடு. கடந்த பத்தாண்டுகளின் பக்கங்களைப் புரட்டி, மாண்டவர் வயதையும், அவர் வாழ்ந்த தெருவையும், செய்த தொழிலையும் எழுதிப் பார்த்தால், நம் சபையிலேயே ஒரு கால்ட்டனும் ஒரு லென்சியும் இருப்பதைக் காணக்கூடும். அக்கணக்கை ஜெபத்தோடு ஆலோசனைச் சங்கத்தின் முன் வைப்பது குணமாக்கும் திருப்பணியின் தொடக்கமாகும்.

நோயாளியைச் சந்திக்கச் செல்லும்போது ஜெபிக்கிறோம், வேதம் வாசிக்கிறோம். எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, மருந்துக்கு யாரிடம் கடன் வாங்கினீர்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்னும் மூன்று கேள்விகளும் அச்சந்திப்பில் இடம்பெறட்டும். அரசின் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் உரிய மருத்துவம் பெறுவதற்கு ஏழைக்கு வழித்துணையாகச் செல்ல மாதர் ஐக்கியத்தில் இருவரை நியமிப்பது எந்தச் சபைக்கும் இயலும். 2005-க்குப் பின் நாடெங்கும் நியமிக்கப்பட்ட ஆஷா ஊழியர்கள், ஜாம்கேட்டின் பெண்கள் செய்ததை ஒத்த பணியையே செய்கின்றனர். அவர்களுட் பலர் நம் சபைகளிலும் உள்ளனர். அவர்களுக்காக நாம் ஆராதனையில் ஜெபித்தது எத்தனை முறை?

திருச்சபை மருத்துவமனைகளின் நிர்வாகக் குழுக்களில் அமரும் ஆயர்கள் ஆண்டறிக்கையில் ஒரு புதிய பத்தியைக் கேட்கலாம். எத்தனை பேர் வந்தனர் என்பது அறிக்கையில் உள்ளது. சுற்றுப்புறத்தில் வர இயலாதவர் எத்தனை பேர், ஏன் என்பதும் அதில் இடம்பெறவேண்டும். வசதியுள்ளவரின் கட்டணத்தால் வறியவரின் சிகிச்சையைத் தாங்கும் முறை பல இடங்களில் நடைமுறையில் உள்ளது, அது பாராட்டத்தக்கது. ஆனால் வரவுசெலவு இடிக்கும் ஆண்டில் முதலில் குறைக்கப்படுவது கிராமப் பணியா, வேறொன்றா என்பதில்தான் அந்நிறுவனத்தின் விசுவாசம் வெளிப்படும்.

ரஜனிகாந்த் 2011-லும் மேபல் 1999-லும் தம் ஓட்டத்தை முடித்தனர். அவர்களிடம் பயின்ற பெண்களோ தம் ஊர்களில் அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தனர். மருத்துவர் இல்லாத வேளையிலும் ஊர் தன் நலத்தைத் தானே பேண இயலும் என்பதற்கு அவர்களே சாட்சி. சபையும் அவ்வாறு இயலும் என நம்புவதும், அதற்காகச் சபையைப் பயிற்றுவிப்பதும் ஆயரின் கடமையாகும்.